ரோம் போகிறவர்கள் கவனத்துக்கு: கொலோசியம் டிக்கெட்டில் 236 யூரோ போச்சு

236 யூரோ. கார்டுக் கட்டணமும் சேர்ந்து நம் ரூபாயில் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நாலு பேருக்கு கொலோசியத்தின் (பழைய ரோமானிய வட்ட அரங்கம்) நிலவறை வரை போக டிக்கெட் என்று சொல்லி வாங்கினார்கள். முந்தாநாள் வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது, கையில் இருந்தது டிக்கெட்டே இல்லை. தளத்தின் பெயரைப் போடவில்லை. பல ஊர்களின் நுழைவுச்சீட்டுகளை இடையில் நின்று விற்கிற தளம் அது. அந்த மாதிரி ஏகப்பட்டது இருக்கிறது. ரோமில் டிக்கெட் எப்படி எடுக்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

ரோமில் மூன்றே நாள். இரண்டாம் நாள் கொலோசியம், அதே டிக்கெட்டில் பக்கத்திலேயே உள்ள பழைய ரோமின் இடிபாடுகளான ரோமன் ஃபோரம், பாலடைன் குன்று என்று திட்டம். அதிகாரபூர்வத் தளத்தில் நிலவறையும் சேர்ந்த ‘ஃபுல் எக்ஸ்பீரியன்ஸ்’ டிக்கெட் அந்தத் தேதிக்குத் தீர்ந்திருந்தது. விற்பனை 30 நாள் முன்புதான் திறக்கும், நிலவறை இடங்கள்தான் முதலில் காலியாகும். தேடியபோது விளம்பரமாக மேலே வந்தது இந்தத் தளம். கொலோசியம் படம், காலை 10 மணிக்கு ‘4 இடங்களே மிச்சம்’ என்ற வரி, பக்கத்தில் குறைந்துகொண்டே வரும் நேரக் கணக்கு.

அங்கே தீர்ந்தது உங்களிடம் மட்டும் எப்படி என்று சாட்டில் கேட்டேன். ‘எங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, இடம் உறுதி’ என்று இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன். சுற்றுலா நிறுவனங்களுக்குக் குழு ஒதுக்கீடு இருப்பது உண்மை. அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. தலைக்கு 59 யூரோ, மொத்தம் 236.

அதிகாரபூர்வ விலை என்ன தெரியுமா? நிலவறையோடு 24 யூரோ. 18 வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம், டிக்கெட் மட்டும் பதிந்துகொள்ள வேண்டும். எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 48 யூரோவில் முடிய வேண்டியதற்கு 236 யூரோ!

பணம் கட்டியதும் வந்த பிடிஎஃப்பில் ஒருவர் பெயர்தான் இருந்தது. மற்ற மூவர் பெயரை யாரும் கேட்கவே இல்லை. அங்கேயே பிடித்திருக்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் கொலோசியம் டிக்கெட் ஒவ்வொன்றிலும் வருகிறவர் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். பெயர் கேட்காமல் விற்கிறவரிடம் டிக்கெட் இல்லை என்றுதான் அர்த்தம். முதலில் பணத்தை வாங்கிவிட்டு, அப்புறம்தான் எங்காவது இடம் கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

முதல் நாள் இரவு ஒரு மின்னஞ்சல்: நேரம் 10 மணி இல்லை, மதியம் 2:30. நிலவறை ‘கிடைப்பதைப் பொறுத்து’. கொலோசியோ மெட்ரோ நிலைய வாசலில் நீலக் கொடியோடு ஆள் நிற்பார். 2:05க்கே போய்விட்டோம். 3:15 வரை வெயிலில் நின்றோம். கொடியும் இல்லை, ஆளும் இல்லை, கொடுத்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. நுழைவாயிலில் காட்டினால், ‘இது வவுச்சர், டிக்கெட் இல்லை’ என்று ஊழியர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதலில், ‘24 மணி நேரத்தில் பதில் தருகிறோம்’. அடுத்து, ‘நீங்கள் வரவே இல்லை என்று எங்கள் கூட்டாளி நிறுவனம் சொல்கிறது’. மெட்ரோ பெயர்ப்பலகையோடு, நேரம் தெரிய எடுத்த படத்தை அனுப்பினேன். ‘நேர மாற்றத்தை நீங்கள் மறுக்கவில்லை, ஆகவே விதிப்படி திருப்பித் தர முடியாது’ என்றார்கள். கடைசியில் அடுத்த முன்பதிவுக்கு 30 யூரோ கூப்பன் அனுப்பி, சாட்டை மூடிவிட்டார்கள். கட்டியது 236 யூரோ, கையில் இருப்பது ஒரு கூப்பன்!

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. இவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தின் முகவரி ‘கொலோசியோ டாட் ஐடி’ (colosseo.it) என்று முடிய வேண்டும். வாட்டிகன் அருங்காட்சியகம் என்றால் கடைசியில் ‘டாட் விஏ’ (.va). 30 நாள் முன்பே உட்காருங்கள், எல்லார் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அடியுங்கள். நிலவறை கிடைக்காவிட்டால் 18 யூரோ சாதா டிக்கெட்டை எடுங்கள், அதிலும் ஃபோரமும் பாலடைனும் உண்டு. கார்டில் மட்டும் கட்டுங்கள். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தையும் சாட்டையும் படமெடுத்து வையுங்கள், வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.

வங்கியில் நேற்றே புகார் கொடுத்துவிட்டேன்: சேவை தரப்படவில்லை, 236 யூரோ. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.