வண்டிக்குள் ஓடும் ஈதர்நெட்டைப் பதிவு செய்ய: மிரர் போர்ட்டா, டேப் பெட்டியா?

வண்டியின் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் பழைய முறையான கேன் (CAN) வயரிங்கில் பழகியவர்கள் ஈதர்நெட் வண்டியைத் தொட்டதும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இடத்தில் கிளிப் மாட்டுவது?" கேனில் எங்கே தொட்டாலும் மொத்தப் பேச்சும் கேட்கும். வண்டி ஈதர்நெட்டின் ஒரு வகையான 100பேஸ்-டி1-ல் (100BASE-T1) ஒரே ஜோடிக் கம்பியில் இரு முனைகளும் ஒரே சமயத்தில் பேசுகின்றன. தான் அனுப்பியதைக் கழித்துவிட்டுத்தான் ஒவ்வொரு முனையும் எதிர்முனையின் பேச்சைப் பிரித்தெடுக்கிறது. நடுவில் கிளிப் மாட்டினால் இரண்டும் கலந்த இரைச்சல்தான் கிடைக்கும்.

ஆக வழி இரண்டு. இணைப்புகள் வந்து சேரும் சுவிட்சில் ஒரு போர்ட்டை மிரர் ஆக்கி, மற்ற போர்ட்டில் ஓடுவதன் நகலை எடுக்கலாம். அல்லது கேபிளைப் பிரித்து நடுவே, கடந்து போவதையெல்லாம் நகலெடுக்கும் டேப் பெட்டியைச் செருகலாம்.

மிரருக்கு வயரில் கை வைக்க வேண்டாம், செலவும் குறைவு. வண்டிக் கணினிகள் தமக்குள் அனுப்பும் சம்ஐபி (SOME/IP) செய்தி வருகிறதா, டயக்னாஸ்டிக் பேச்சு 13400-ம் போர்ட்டில் ஒழுங்காகத் தொடங்குகிறதா என்று வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பார்க்க இதுவே தாராளம். ஆனால் ஒரு இணைப்பின் இரு திசையும் சேர்ந்தால் 200 மெகாபிட் வரை போகும்; மிரர் போர்ட் 100 மெகாபிட் என்றால் மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். சுவிட்சின் கான்ஃபிகரேஷனைத் திறக்க அனுமதியும் வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றைக் கேரளத்தின் நெல்லியாம்பதி மலைப்பாதையில் கண்டோம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பி, போத்துண்டி தாண்டி ஏறும்போது குலுங்குகிற இடங்களில் பின்கேமரா படம் ஒரு கணம் உறைந்தது. "அண்ணே, மிரர்ல ஒரு எரர்கூட இல்லையே" என்றான் கூட வந்த தம்பி. இருக்காதுதான். செக்சம் (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) தவறிய ஃபிரேமை, அதாவது தரவுத் துண்டை, சுவிட்ச் வாசலிலேயே தூக்கி எறிந்துவிடும். மிரருக்கு நல்லது மட்டுமே போகும். நாங்கள் பார்த்தது வரிசை எண்ணில் விழுந்த ஓட்டையை மட்டும்தான்.

மறுநாள் கேமராவுக்கும் சுவிட்சுக்கும் நடுவே டேப் வைத்தோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கெட்ட ஃபிரேம்கள் கொத்தாக விழுந்தன, பெட்டியே நானோ விநாடிக் கணக்கில் போட்ட நேர முத்திரையோடு. டிக்கி அருகே ஒரு கனெக்டரில் பின் சரியாக உட்காரவில்லை.

வாங்கும்போது கெட்ட ஃபிரேமையும் பதிவு செய்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். எல்லா டேப்பும் செய்யாது. மின்சாரம் போனால் ரிலே வழியாக இணைப்பைத் தொடர விடுகிறதா என்பதும் முக்கியம். ஓடும் வண்டியில் இது பாதுகாப்பு விஷயம். அப்புறம், டேப் ஒரே இணைப்பை இரண்டாக வெட்டுகிறது. இரண்டு பக்கமும் மாஸ்டர் (கடிகாரத்தை நடத்தும் முனை), ஸ்லேவ் (அதைப் பின்பற்றும் முனை) சரியாக அமைக்காவிட்டால் லிங்கே வராது. நீங்கள் பிரித்துச் செருகிய கனெக்டரிலேயே கோளாறு இருந்தால், அந்தச் செருகலிலேயே அது மறைந்தும் போகலாம். அதனால் நாங்கள் இப்போது முதலில் மிரரை வைத்து ஓட்டையைத் தேடுகிறோம், பிறகு சந்தேகப்படும் இடத்திலிருந்து ஒரு கனெக்டர் தள்ளி டேப்பைச் செருகுகிறோம்.

டேப்புக்குப் பதில் இரண்டு மீடியா கன்வர்ட்டரையும் (வண்டி ஈதர்நெட்டைச் சாதாரண ஈதர்நெட்டாக மாற்றும் பெட்டி) லேப்டாப்பையும் வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. மேசைச் சோதனைக்குச் சரி. நேரத் துல்லியம் வேண்டிய இடத்தில் நான் அதை நம்ப மாட்டேன்.