குளோபல் சிக்னல் ரெக்ரெஷன்: ஏழு வருடப் பழக்கம்

போன வாரம், சும்மா படுத்திருப்பவரின் மூளை இயக்கத்தை fMRI ஸ்கேனில் பார்க்கும் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் முதல் ரிசல்ட்டைத் திரையில் காட்டி, "அக்கா, இந்த நீலம் நிஜம்தானா?" என்று கேட்டாள். சீட்டை (seed), அதாவது மற்ற இடங்களை ஒப்பிடுவதற்கான தொடக்கப் புள்ளியை, மூளையின் பின்புற சிங்குலேட் பகுதியில் வைத்திருந்தாள். சும்மா இருக்கும்போது சேர்ந்து இயங்கும் டிஃபால்ட் மோட் நெட்வொர்க் சிவப்பில் அழகாக வந்திருந்தது. கவனத்துக்கான பகுதிகள் எல்லாம் நீலம், அதாவது மைனஸ் கோரிலேஷன்: சீட்டில் சிக்னல் ஏறும்போது அங்கே இறங்குகிறது. எந்த டூல், எந்த அட்லஸ் என்றெல்லாம் நான் விசாரிக்கவில்லை. "குளோபல் சிக்னலைக் கழித்தாயா?" என்று மட்டும் கேட்டேன். மூளை முழுவதின் சராசரி சிக்னலை ஒவ்வொரு இடத்திலிருந்தும் கழிப்பதுதான் குளோபல் சிக்னல் ரெக்ரெஷன். கழித்திருந்தாள்.

ஏழு வருடமாக நானும் கழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு நிமிட ஸ்கேன், இரண்டு விநாடிக்கு ஒரு படம், மொத்தம் 240. எல்லா வோக்ஸல்களையும் (படத்தின் சின்னச் சின்னக் கட்டங்கள்) ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நேரம் குறுக்கே ஓடும் கார்ப்பெட் ப்ளாட் போட்டால், சிலருக்கு நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை விழும். படுத்திருந்தவர் பெருமூச்சு விட்டிருப்பார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து, ரத்தக் குழாய்கள் சுருங்கி, மூளை முழுக்க சிக்னல் இறங்கியிருக்கும். தலையசைவு அளவுகளைக் கணக்கில் சேர்த்தாலும், இரைச்சலை நீக்கும் காம்ப்கார் முறையைப் போட்டாலும், என் டேட்டாவில் அந்தப் பட்டை முழுசாகப் போனதில்லை. குளோபல் சிக்னலைக் கழித்தால் ஈரத்துணியால் துடைத்த மாதிரி போய்விடும். முதல் தடவை பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஆனால் அந்த நீலம்! மூளை முழுவதின் சராசரியை ஒவ்வொரு வோக்ஸலிலிருந்தும் எடுத்துவிட்டால், ஓரிடத்தில் ப்ளஸ் இருக்க இன்னோரிடத்தில் மைனஸ் வந்தே தீரும். 2005-இல் ஃபாக்ஸ் குழு இந்த எதிரெதிர் நெட்வொர்க்குகளைக் காட்டியது. 2009-இல் மர்ஃபி குழு, கழிப்பதே மைனஸை உண்டாக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. கழிக்காமலும் கொஞ்சம் மைனஸ் மிஞ்சுவதை வேறு சிலர் காட்டினார்கள். ஆக, முழுப் பொய்யும் இல்லை. எவ்வளவு நிஜம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லையே, அதுதான் என் கோபம்.

நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஒரு வேலையில் ஐந்து மாதம் ஒரு நீலத் திட்டை நம்பி எழுதினேன். கழிக்காமல் திரும்ப ஓட்டினேன். இரண்டு குழுவுக்கும் அங்கே வித்தியாசமே இல்லை. ஸ்கிட்ஸோஃப்ரினியாவில் குளோபல் சிக்னலின் ஏற்ற இறக்கமே அதிகம் என்று 2014-இலேயே ஆய்வு வந்திருக்கிறது. குழுவுக்குக் குழு மாறுகிற ஒன்றைக் கழித்தால், வித்தியாசம் இடம் மாறி வேறெங்கோ போய் உட்காரும். அந்த ஐந்து மாதம் இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன்: நோயாளி ஒப்பீட்டில் கழிக்காதே, நீலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே.

சரி, நேற்று இரவு புது ஸ்கேன் ஒன்று வந்தது. கார்ப்பெட்டில் மூன்று பட்டைகள். நான் கழித்துத்தான் பார்த்தேன். கழிக்காததையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஆனால் கண் முதலில் போவது சுத்தமான படத்துக்குத்தான்.