'அசல் ரயில்வே பெயின்ட்' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்

திருநெல்வேலிப் பக்கம் மாடல் ரயில் செய்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். அவர்களாவது என்னைப்போல் ஏமாறாமல் இருக்கட்டும்.

சின்ன வயதில் திருச்செந்தூருக்குப் போன மீட்டர் கேஜ் பாசஞ்சர் பெட்டியை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, செய்துகொண்டிருந்தேன். பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, ஜன்னல் கம்பி வரைக்கும் வைத்து, மூன்று மாத வேலை. நீலப் பெட்டிகள் வருவதற்கு முந்தைய அந்தச் செங்காவி நிறம்தான் எனக்கு வேண்டும்.

ஜங்ஷன் பக்கம் ஒரு பெயின்ட் கடையில் கேட்டேன். "ரயில்வே ஒர்க்ஷாப்புலேருந்தே வந்த சரக்கு அண்ணாச்சி, வெளியே எங்கேயும் கிடைக்காது" என்றார். லேபிள் இல்லாத டப்பா, 450 ரூபாய். கூடவே பெயின்ட்டில் கலந்து இளக்க ஒரு தின்னர் பாட்டில். பிளாஸ்டிக்குக்கு ஆகுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "தாராளமா அடிங்க." பில் கேட்கத் தோன்றவில்லை.

அடித்த கொஞ்ச நேரத்தில் பக்கச் சுவர் இளகி நெளிந்துவிட்டது. அவர் கொடுத்தது என்.சி. தின்னர், நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்குக் கலக்கிற காட்டமான சரக்கு. பாலிஸ்டைரீனை அது கரைத்துவிடும். பெயின்ட் பூசுகிற நண்பர் டப்பாவைக் கிளறிப் பார்த்துச் சிரித்தார். கம்பி கேட்டுக்கு அடிக்கிற எனாமலாம். கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் காவியாகத் தெரிந்தது, வாசல் வெயிலில் ஆட்டு ஈரல் நிறம்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அது நிஜமாகவே ரயில்வே பெயின்ட்டாக இருந்தாலும் சரியாக வந்திருக்காது. நிஜப் பெட்டியை நாம் தள்ளி நின்று, நம் ஊர் வெயிலில், புழுதி படிந்து வெளிறிப்போன நிலையில்தான் பார்த்திருக்கிறோம். அதே பெயின்ட்டை ஒரு சாண் பெட்டிக்கு அடித்தால் கறுத்துத்தான் தெரியும். கொஞ்சம் வெளிற வைக்க வேண்டும். அதற்காகச் சிவப்பில் வெள்ளையை ஊற்றினால் ரோஸ் ஆகிவிடும், சந்தன நிறத்தைத் துளித்துளியாகச் சேர்க்கலாம். மினுமினுப்பும் ஆகாது, பொம்மைக்களை வந்துவிடும். எதுவானாலும் முதலில் துண்டுத் தகட்டில் அடித்துக் காயவிட்டு, வெயிலில் வைத்துப் பாருங்கள். அதை அன்றைக்கே செய்திருந்தால் பெட்டி பிழைத்திருக்கும்.

திரும்பப் போனேன். "திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம். பில் இருக்கா?" என்றார். அதே வாய்தான், அண்ணாச்சி மட்டும் காணாமல் போயிருந்தது.

மிச்சத்தை வீட்டு கேட்டுக்கு அடித்துவிட்டேன். நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.