பழைய விண்டோஸ் 7 கணினியில் ஃபைல் அனுமதியும் டிரைவ் ஐகானும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய ஸ்கேனருக்காகவோ, புது விண்டோஸில் ஓடாத ஒரு மென்பொருளுக்காகவோ அந்தக் கணினிகள் இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வரும் தொல்லைகள் இரண்டு. ஃபோல்டரைத் திறந்தால் 'ஆக்சஸ் டினைட்'. ஆசையாக வைத்த டிரைவ் ஐகான் திடீரென்று காணாமல் போவது. இரண்டையும் தனித்தனியாக நோண்டிப் பலன் இல்லை. ஐகானும் ஒரு ஃபைல்தான். அதைப் படிக்க அனுமதி இல்லையென்றால் விண்டோஸ் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் பழைய படத்தையே போட்டுவிடும். அதனால் முதலில் அனுமதியைப் பார்க்க வேண்டும்.

வேறு கணினியிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை மாட்டும்போதுதான் இந்த அனுமதிச் சிக்கல் அதிகம் வரும். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ், உரிமையைப் பயனர் பெயரை வைத்துப் பதிவதில்லை. ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் உள்ள எஸ்ஐடி என்ற எண்ணை வைத்தே பதிகிறது. புதுக் கணினியில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு கொடுத்து அக்கவுன்ட் உருவாக்கினாலும் எண் வேறாகத்தான் இருக்கும். ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேபைத் திறந்தால் 'அக்கவுன்ட் அன்நோன்' என்றும், பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணும் தெரியும். அது தெரிந்தால் சிக்கல் உரிமையில்தான். 'ஃபைல் ஆர் டைரக்டரி இஸ் கரப்டட்' என்று வந்தால் கதை வேறு. அப்போது அனுமதியைத் தொடவே கூடாது. படிக்க முடிகிறவற்றை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, அதன் பிறகே டிஸ்க்கைச் சோதித்துப் பழுது பார்க்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்ட வேண்டும்.

உரிமையை மாற்றும் வழி: ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் டேப், எடிட். பட்டியலில் உங்கள் பெயரைவிட அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நாளைக்கு அக்கவுன்ட் மாறினாலும் மறுபடி இதே வேலை செய்ய வேண்டியிருக்காது. கீழே 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்' கட்டத்தை டிக் செய்து ஓகே. இங்கேதான் பலர் நிறுத்திவிட்டு, 'ஓனர் ஆகிவிட்டேன், இன்னும் திறக்கவில்லையே' என்று திகைப்பார்கள். ஓனருக்குக் கிடைப்பது அனுமதிப் பட்டியலைத் திருத்தும் உரிமை மட்டுமே. படிக்கும் உரிமை தானாக வராது. ஆகவே ப்ராப்பர்ட்டீஸ் ஜன்னலை முழுவதும் மூடி, மறுபடி திறந்து, பர்மிஷன்ஸ் டேபில் உங்கள் அக்கவுன்ட்டைச் சேர்த்து ஃபுல் கன்ட்ரோல் தர வேண்டும். ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் இருந்தால் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில், ஓனரை மாற்றும் டேக்ஓன் கட்டளை விரைவானது. அதற்கு முன், அனுமதிகளைக் கையாளும் ஐசிஏசிஎல்எஸ் கட்டளையின் சேவ் வசதியால் இருக்கிற அனுமதிகளை ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் ரெஸ்டோர் செய்ய அது ஒன்றுதான் துணை.

ஃபைல் பெயர்கள் பச்சை நிறத்தில் இருந்தால் அவை இஎஃப்எஸ் என்ற விண்டோஸின் மறையாக்க முறையில் பூட்டப்பட்டவை. ஓனரை மாற்றினாலும் திறக்காது. பழைய கணினியில் எடுத்து வைத்த சான்றிதழ் வேண்டும்.

சி டிரைவின் மூலத்தில் (எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாத மேல்மட்டத்தில்) இந்த ஓனர் மாற்றும் வேலையை ஒருபோதும் செய்யக் கூடாது. விண்டோஸ் ஃபோல்டரின் ஃபைல்களுக்கு ஓனர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தச் சேவை. அதை மாற்றினால் அப்டேட்டும் சிஸ்டம் பாதுகாப்பும் தடுமாறும். 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' திறக்கவில்லை என்று அதன் அனுமதியை உடைப்பவர்கள் ஏராளம். விண்டோஸ் 7-இல் அது உண்மையான ஃபோல்டரே அல்ல, பழைய மென்பொருள்களுக்காக யூசர்ஸ் ஃபோல்டரைக் காட்டும் ஒரு இணைப்பு. உள்ளே பட்டியலிட முடியாதபடி வேண்டுமென்றேதான் தடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, அதில் லோக்கல், அதற்குள் இருக்கும் 'அப்ளிகேஷன் டேட்டா' என்ற இணைப்பு தன்னைத் தாங்கியிருக்கும் ஃபோல்டரையே திருப்பிக் காட்டுகிறது. அதன் தடையை எடுத்துவிட்டால், பேக்கப் மென்பொருள் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி, பாதையின் நீளம் தாங்காமல் பிழையில் போய் முடியும்.

ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் ரீட்-ஒன்லி கட்டம் பாதி நிரம்பியபடி இருக்கும். எடுத்துவிட்டாலும் திரும்பி வந்து நிற்கும். அது அனுமதிச் சிக்கல் அல்ல. ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்தக் குறியை விண்டோஸ், 'இதற்குள் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ (ஃபோல்டரின் தோற்றத்தைச் சொல்லும் ஃபைல்) இருக்கிறது, படித்துப் பார்' என்பதற்கான அடையாளமாகவே பயன்படுத்துகிறது. ஆட்ரிப் கட்டளையால் அதை வலிந்து நீக்கினால் அந்த ஃபோல்டருக்கு வைத்த ஐகான் போய்விடும்.

இனி டிரைவ் ஐகான். கழற்றி மாட்டும் டிஸ்க்குக்கு ஆட்டோரன்.ஐஎன்எஃப் வழி பொருத்தம். டிரைவின் மூலத்தில் அந்தப் பெயரில் ஒரு ஃபைல். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ஆட்டோரன், அடுத்த வரியில் ஐகான், சமக்குறி, ஐகான் ஃபைலின் பெயர். டிரைவ் எழுத்து சேர்க்க வேண்டாம். வேறு கணினியில் எழுத்து மாறும். நோட்பேடில் சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுக்காவிட்டால் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், பலன் இருக்காது. சேமித்த பின் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால்தான் புதுப் படம் தெரியும்.

கணினிக்குள்ளேயே இருக்கும் டிரைவுக்கு, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரி வழியே நிலையானது. ஹெச்கீ லோக்கல் மெஷினில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் வரை இறங்கி, டிரைவ்ஐகான்ஸ் என்ற கீயும், அதற்குள் டிரைவ் எழுத்தில் ஒரு கீயும் (முக்காற்புள்ளி இல்லாமல்), அதற்குள் டிஃபால்ட்ஐகான் கீயும் உருவாக்கி, டிஃபால்ட் மதிப்பில் ஐகானின் முழுப் பாதையைத் தர வேண்டும். இது எழுத்தோடு ஒட்டியது, டிஸ்க்கோடு அல்ல. பென் டிரைவுக்கு இப்படி வைத்தால், அதே எழுத்தில் வரும் அடுத்த பென் டிரைவும் அந்தப் படத்தோடே வரும்.

ஒரு அக்கவுன்ட்டில் ஐகான் தெரிந்து, அதே கணினியின் இன்னொரு அக்கவுன்ட்டில் தெரியாவிட்டால், ஐகான் ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ இருந்தால் மற்ற சாதாரணப் பயனர்களால் அதைப் படிக்க முடியாது. பொதுவான ஃபோல்டருக்குக் கட் செய்து நகர்த்தினாலும், அதே டிரைவுக்குள் என்பதால் பழைய அனுமதிகள் கூடவே வந்துவிடலாம். நகலெடுத்தால் புது ஃபோல்டரின் அனுமதி கிடைக்கும். ஆகவே கட் வேண்டாம், காப்பி செய்யுங்கள். யூசர்ஸ் குழுவுக்கு ரீட் அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிஎன்ஜி படத்தின் பெயரின் வாலை, ஐகான் ஃபைலுக்கு உரிய ஐசிஓ என்று மாற்றினால் மட்டும் ஐகான் ஆகாது. ஒரே ஐசிஓ ஃபைலுக்குள் 16, 32, 48, 256 பிக்சல் அளவுகள் நான்கும் இருக்கட்டும். 256 மட்டும் இருந்தால் முகவரிப் பட்டையில் கலங்கலாகத் தெரியும். எக்ஸ்பியிலும் மாட்டும் டிஸ்க் என்றால், பிஎன்ஜி முறையில் சுருக்கிய 256 அளவை எக்ஸ்பி படிக்காது என்பதால் சிறிய அளவுகள் கட்டாயம் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பழைய படமே வந்தால் அது ஐகான் கேஷ், அதாவது விண்டோஸ் முன்பே சேமித்து வைத்த ஐகான் படங்கள். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை முடித்துவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஆப்டேட்டா, லோக்கலுக்குள் மறைந்திருக்கும் ஐகான்கேஷ்.டிபி ஃபைலை அழித்து, எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்குங்கள்.

பென் டிரைவில் ஆட்டோரன்.ஐஎன்எஃப் சேமிக்கவே முடியவில்லையென்றால், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 2008 இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு இந்த ஃபைல் வழியாகவும் தொற்றியது. அதற்குப் பிறகு சில தடுப்பு மென்பொருள்கள் அதே பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி இடத்தை அடைத்து வைத்தன. ஊர்க் கணினிகளிலெல்லாம் மாட்டும் பென் டிரைவ் என்றால் அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கட்டும், ஐகானை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே சுற்றும் டிஸ்க் என்றால் அந்த ஃபோல்டரின் ஓனரை (டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்றால் மட்டும்) மாற்றி, அழித்து, உங்கள் ஃபைலை வைக்கலாம்.