நடையா, ஓட்டமா, சைக்கிளா, தண்டாலா: பாலக்காட்டுப் பக்கம் படிக்கும் மாணவருக்கு எது?

வாளையாரைத் தாண்டி கஞ்சிக்கோடு, பாலக்காடு, சித்தூர் பக்கம் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், எடை கூடியதும் முதலில் ஓடத்தான் கிளம்புகிறார்கள். அதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நடந்தால் சுமார் 105 கலோரி செலவாகும். 8 கி.மீ. வேகத்தில் ஓடினால் 250, சுமாரான வேகத்தில் சைக்கிள் மிதித்தால் 200. மாலை டீயோடு கொறிக்கும் 50 கிராம் நேந்திரங்காய் சிப்ஸிலேயே 250க்கு மேல் இருக்கிறது. சிப்ஸை விடாமல் ஓடினால் எடை அசையாது.

நேரம் குறைவாக உள்ளவருக்கு ஓட்டம் லாபம்தான். ஆனால் இடையில் விட்டுப்போவதும் இதில்தான் அதிகம். நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டுபவருக்கு மூன்றாவது வாரம் முட்டிக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பு வலிக்கத் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என எட்டு முறை, வாரம் மூன்று நாள் போதும். மார்ச், ஏப்ரல் வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். வெளியில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கே கேரள அரசு கோடையில் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு தருகிறது.

சைக்கிள் மூட்டுக்கு இதம். இங்கே பாலக்காட்டுக் கணவாயின் மலை இடைவெளி வழியே வீசும் காற்றைக் கவனிக்க வேண்டும்: தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்தும் அடிக்கும். போகும்போது எதிர்காற்றில் போனால் களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீளும்படி உயரத்தை வையுங்கள். லாரி ஓடும் நெடுஞ்சாலை வேண்டாம், ஊர்வழிச் சாலை போதும்.

நடையில் சொல்லித்தர அதிகமில்லை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் வாரம் ஐந்து நாள் அரை மணி நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் நிறைந்துவிடும். பரீட்சை வாரத்திலும் தடைபடாதது இது ஒன்றுதான்.

பலரும் ஒதுக்குவது தண்டாலும் பஸ்கியும். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுப்பது இந்தப் பயிற்சி. வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று, இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். தரையில் தண்டால் வராதவர் கட்டில் விளிம்பில் கைவைத்து எடுக்கலாம். முதுகுக்கு, இரண்டு 2 லிட்டர் தண்ணீர் பாட்டில்களைப் பையில் போட்டு, குனிந்து, முதுகு வளையாமல் வயிற்றை நோக்கி இழுங்கள். விடுதிக் கதவு சீக்கிரம் பூட்டப்படும் மாணவிகளுக்கு இதுவே முதல் தேர்வு.

எங்கள் தீர்ப்பு: ஐந்து நாள் நடை, இரண்டு நாள் தண்டால், பஸ்கி. முட்டி வலியின்றி எட்டு வாரம் போனபின் ஓட்டம். உடல் நிறை குறியீடு (BMI: கிலோ எடையை, மீட்டரில் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) 18.5க்குக் கீழே உள்ள ஒல்லியானவர் ஓட்டத்தை ஒதுக்கி, தண்டாலோடு தினம் இரண்டு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சேர்க்கலாம்.

இந்தியர்களுக்கு அந்தக் குறியீடு 23ஐத் தொட்டாலே எடை அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரம் தசையில் நீர் தேங்கி எடை ஒரு கிலோ கூடலாம். அப்போது எடை மெஷினை விட்டுவிட்டு, மூச்சை விட்டபின் நாடாவால் இடுப்பை அளந்து குறித்துவையுங்கள்.