ஊர்ப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? சிறப்பாசிரியர் வராத நாட்களை வைத்துப் பாருங்கள்

என் மகளுக்கு அறிவுசார் குறைபாடு. சான்றிதழில் 50 சதவீதம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அவளைச் சேர்க்க எங்களுக்கு இரண்டு வழி இருந்தது: நடந்தே போகக்கூடிய ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அல்லது டவுனில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் சிறப்புப் பள்ளி. ஊர்ப் பள்ளியில்தான் சேர்த்தோம். இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. அதையும் கீழே சொல்கிறேன்.

தூரம், பஸ், மதிய உணவு, கூடப் படிக்கும் தெருப் பிள்ளைகள் என்று ஊர்ப் பள்ளிக்கு உள்ள வசதி எல்லோருக்கும் தெரியும். சிறப்புப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் நாள் முழுக்க இருப்பார், பேச்சுப் பயிற்சியும் பிஸியோதெரபியும் பெரும்பாலும் ஒரே கூரைக்குள் கிடைக்கும், வகுப்பில் பிள்ளைகளும் குறைவு. இதுவும் தெரிந்ததுதான்.

தெரிய வேண்டியது, தேர்வு நம் கையில் இருக்கிறது என்பது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 31ஆவது பிரிவு: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. அரசு நிதி பெறும் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, குறைபாட்டைக் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 16ஆவது பிரிவு. "இங்கே கஷ்டம்மா, அங்கே கொண்டு போங்களேன்" என்று அன்பாகச் சொன்னாலும், அதை அறிவுரையாகக் கேட்டுக்கொண்டால் போதும். முடிவு நம்முடையது.

அப்புறம், இரண்டு துறைகளோடு பழக வேண்டும். தேசிய அடையாள அட்டை, யூடிஐடி கார்டு (நாடு முழுக்கச் செல்லும் தனித்துவ அடையாள எண் அட்டை), பராமரிப்பு உதவித்தொகை எல்லாம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. சிறப்பாசிரியர் (குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்), பிஸியோதெரபிஸ்ட், மருத்துவ மதிப்பீட்டு முகாம், போக்குவரத்துப் படி எல்லாம் பள்ளிக் கல்வித்துறையில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா வழியாக, வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து வரும். பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் 10 மாதம் உதவித்தொகையும் இதில்தான். அட்டை கைக்கு வந்த உடனே தலைமையாசிரியரிடம் போய், எமிஸ் என்ற மாணவர் விவரக் கணினிப் பதிவில் பிள்ளையின் குறைபாட்டு விவரம் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே ஏறவில்லை என்றால் வள மையத்தின் பட்டியலிலும் பிள்ளை விடுபடக்கூடும்.

சரி, இரண்டு பள்ளிகளும் உண்மையில் எங்கே பிரிகின்றன? என் பார்வையில் ஒரே இடத்தில்தான்: சிறப்பாசிரியர் வராத நாட்களில்.

சிறப்புப் பள்ளியில் அப்படி ஒரு நாளே இல்லை. ஊர்ப் பள்ளியிலோ பெரும்பாலான நாட்கள் அவைதான். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். தொடக்கநிலையில் குறைபாடுள்ள 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று ஒன்றிய அரசு 2022இல் விதியாகவே அறிவித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் விளைவு அது. எங்கள் வட்டாரத்தில் அந்த நிலை இன்னும் வரவில்லை. எங்களுக்கு வாய்த்த சிறப்பாசிரியர் அருமையானவர். ஆனால் அவர் செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொடுத்ததை புதன், வியாழன், வெள்ளியில் யார் தொடர்வது? வகுப்பாசிரியர் தொடர்ந்தால் பிள்ளை படிக்கும். இல்லாவிட்டால் கடைசி பெஞ்சில் வண்ணம் தீட்டிக்கொண்டு வருடத்தைக் கழித்துவிடும். வருகைப் பதிவேட்டில் மட்டும் குறை இருக்காது.

இதற்குப் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளைக்கென்று சிறப்பாசிரியர் தயாரிக்கும் தனிநபர் கல்வித் திட்டம் வள மையக் கோப்பிலேயே தங்கிவிட விடாதீர்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சிறப்பாசிரியர், வகுப்பாசிரியர், நீங்கள் மூவரும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து, அதிலிருந்து மூன்றே மூன்று இலக்குகளை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். அந்த நோட்டு வகுப்பாசிரியர் மேசையில் இருக்கட்டும். எங்கள் மகளுக்கு முதல் பருவத்தில் எழுதியவை இவை: 20 வரை பொருட்களை எண்ணிக் கொடுப்பது, 10, 20, 50 ரூபாய் நோட்டுகளைப் பிரித்தறிவது, தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் பார்க்காமல் எழுதுவது. மற்ற பிள்ளைகள் தசமம் போடும்போது இவள் குச்சிக் கட்டுகளை எண்ணுவாள். கணக்கு வகுப்பில் இவளுக்கும் கணக்குதான் நடக்கிறது. 'கணிதத்தில் முன்னேற்றம் தேவை' என்று பொதுவாக எழுதிய இலக்கை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் எதுவும் செய்ய முடியாது. திங்கள்கிழமை காலையில் எடுத்துச் செய்யும் அளவுக்கு அது சின்னதாக, தெளிவாக இருக்க வேண்டும்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பாசிரியரால் இது முடியுமா? தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது. 2022இல் வந்த அந்தத் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துத்தான் நடத்துவார்கள். மூன்றாம் வகுப்பில் அடிநிலையான அரும்பில் இருந்தவர்கள் பலர். அதனால் என் மகள் மட்டும் தனியாகத் தெரியவில்லை. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வந்ததும் நோட்டைத் தொடர்வது கடினமாகிவிட்டது உண்மை. இப்போது தமிழ், கணக்கு ஆசிரியர்கள் இருவரோடு மட்டும் நிறுத்திக்கொண்டோம். அறிவியலில் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், செடி நடுகிறாள், அவ்வளவுதான்.

ஆசிரியர் மாறினாலோ சிறப்பாசிரியரின் வருகை நின்றாலோ முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. குழுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கூட்டத்தில் பேசியது பதிவேட்டில் ஏற வேண்டும் என்று கேளுங்கள். அடுத்து வட்டார வள மையத்துக்கு எழுத்தில் மனு. பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது.

எப்போது சிறப்புப் பள்ளியை யோசிக்கலாம்? காது கேளாத பிள்ளைக்கு நான் ஊர்ப் பள்ளியைச் சொல்ல மாட்டேன். சைகை மொழி பேசும் நண்பர்கள் வேண்டும். ஒரு கிராமப் பள்ளியில் அது கிடைப்பது அரிது. சத்தமும் கூட்டமும் தாங்காத ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் முதல் சில வருடங்கள் சிறப்புப் பள்ளியில் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு ஊர்ப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். அது நல்ல வழியாகவே எனக்குப் படுகிறது, ஆனால் என் அனுபவம் அறிவுசார் குறைபாட்டோடு மட்டும்தான். எழுந்து வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பத்தாம் வகுப்பை நாங்கள் இன்னும் எட்டவில்லை. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. குறைபாட்டைப் பொறுத்து, மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பேச்சை எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் சிறப்பாசிரியர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.