கட்டக் கணக்கெடுப்பா, ஈபேர்ட் பதிவா?

எந்தப் பறவை எங்கே வாழ்கிறது என வரைபடமாக்கிய கேரளப் பறவை அட்லஸ் (2015–2020) குலுக்கலில் தேர்ந்த 1.1 கி.மீ. கட்டங்களில் நடந்தது. கட்டத்துக்கு, 15 நிமிடத்தில் கண்ட பறவைகளின் பட்டியல் நான்கு. மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை. ரப்பர் தோட்டமே வந்தாலும் போயாக வேண்டும். அதனால்தான் ‘இங்கே காணவில்லை’ என்பதும் தரவாகிறது. ஆள்பலம் நிறைய வேண்டும். இருந்தும், வாழிட எல்லை வரைய இதையே நம்புவோம்.

ஈபேர்ட் என்ற இணையதளத்தில் யாரும் என்றும் தாம் கண்ட பறவைகளைப் பதியலாம். வலசை வரும் நாளை அறிய இதற்கு இணையில்லை. ஆனால் பலரும் பெயர்பெற்ற ஏரிக்கே போவதால், வரைபடம் பறவைகளை விட்டு, பறவை பார்ப்போரின் தடத்தையே காட்டிவிடும். பத்து கிலோமீட்டருக்கு ஒரே பட்டியல் போட்டால் வால்காக்கை வயலில் இருந்ததா, தோப்பிலா தெரியாது. கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பிரியுங்கள். எண்ணிக்கைக்குப் பதில், ‘இருந்தது’ என்று மட்டும் சொல்லும் ‘எக்ஸ்’ குறி வேண்டாம். அடையாளம் தெரிந்த எல்லா இனத்தையும், காக்கை உட்பட, எழுதினால் மட்டுமே ‘முழுப் பட்டியல்’ எனக் குறியுங்கள்.